அணு உலையும் கனநீரும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழராகிய நாம், அணுவாற்றல் தொடர்பான இரண்டு இடங்களுக்கு நடுவே குடியிருக்கிறோம். வடமேற்கே, கடப்பை மாவட்டத்துத் தும்மலபள்ளியில் யுரேனியச் சுரங்கம் இருக்கிறது. அது 2012-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. தென்கிழக்கே, கல்பாக்கத்தில் அணு உலைகள் நிற்கின்றன. ஆயினும், இயற்கை யுரேனியத்தை வெறுமனே குவித்து வைப்பதால் உலை இயங்கிவிடாது. இடையே 'தணிப்பான்' என்னும் ஒரு பொருள் வேண்டும். அதனை நாம் தேடிப் பெற்ற வரலாற்றை இங்கே காண்போம்.

யுரேனியம்-235 அணுவை ஒரு நியூட்ரான் தாக்கினால், அணு பிளந்து வெப்பம் தருகிறது. இரண்டு மூன்று புதிய நியூட்ரான்களும் வெளிப்படுகின்றன. அவை வினாடிக்கு ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வன. அந்த வேகத்தில் அவை மற்றோர் அணுவைப் பிளப்பது அரிது. வேகம் 2 கிலோமீட்டர் அளவுக்குத் தணிந்தால் பிளப்பது எளிதாகிறது. மெதுவான நியூட்ரானே அணுவோடு எளிதில் வினைபுரியும் என்னும் உண்மையை 1934-இல் ரோமாபுரியில் என்ரிக்கோ பெர்மி கண்டறிந்தார்.

வேகத்தைத் தணிப்பது எங்ஙனம்? கோலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். பாறையில் மோதும் கோலி வேகத்தோடு திரும்புகிறது. தன்னையொத்த கோலியில் மோதினாலோ, தன் வேகத்தை அதற்கு ஈந்து நின்றுவிடுகிறது. ஆகவே இலேசான அணுக்களே சிறந்த தணிப்பான்கள். பெர்மி 1942 டிசம்பர் 2-இல் சிகாகோவில் இயக்கிய முதல் அணு உலையில் தணிப்பானாக அமைந்தது பென்சிற்கரியான கிராபைட்டு.

சாதாரண நீரும் வேகத்தைத் தணிக்கும். ஆனால் நியூட்ரான்கள் சிலவற்றை விழுங்கியும் விடும். இயற்கை யுரேனியத்தில் 235 என்னும் வகை நூற்றுக்கு 0.7 பங்கே உண்டு. அது இவ்விழப்பைத் தாங்காது. எனவே, ஒன்று யுரேனியத்தைச் செறிவூட்ட வேண்டும். அல்லது நியூட்ரானை மிகக் குறைவாகவே விழுங்கும் கனநீரைப் பெற வேண்டும். நம் சுவர்ணமுகி ஆற்று நீரிலும் கன ஐட்ரஜன் உண்டு. ஆனால் 6,000-க்கு மேற்பட்ட ஐட்ரஜன் அணுக்களில் அது ஒன்றே, பிரித்தெடுப்பது பெருமுயற்சி.

ஹோமி பாபா காலத்தில் பாரதம் கனநீர் வழியையே தேர்ந்தது. செறிவூட்டிய எரிபொருளுக்குப் பிறரை நம்பியிராமல், சொந்த யுரேனியத்தைக் கொண்டே உலை நடத்தலாம் என்பது அதன் பயன். கானடாவின் உதவியோடு ராஜஸ்தானத்தில் எழுந்த முதல் உலை 1972-இல் இயங்கியது. 1974-இல் பொக்ரானில் அணுவெடிச் சோதனை நிகழ்ந்தபின் கானடா விலகிக்கொண்டது. யுரேனியம் நம்முடையது, கனநீரோ போதவில்லை. அங்குள்ள இரண்டாம் உலைக்குச் சோவியத் நாட்டிடம் கனநீர் பெற்று, அதன்பொருட்டு அனைத்துலகக் கண்காணிப்பையும் ஏற்க நேர்ந்தது.

எரிபொருள் மட்டும் நமதாயிருந்தால் போதாது என்னும் பாடத்தை அன்று கற்றோம். தூத்துக்குடியில் 1978-இலும், அன்றைய ஆந்திரப் பிரதேசத்து மணுகூருவில் 1991-இலும் கனநீர் ஆலைகள் இயங்கத் தொடங்கின. 1971-இல் நம் பொறியாளர் கட்டத் தொடங்கிய கல்பாக்கத்து முதல் உலையில் 1983 ஜூலை 2-இல் தொடர்வினை நிகழ்ந்தது. கனநீருக்குப் பிறர் கையை எதிர்பார்த்த பாரதம், பின்னாளில் தென்கொரியா முதலிய நாடுகளுக்கு அதனை ஏற்றுமதியும் செய்தது. நியூட்ரானுக்கு வேண்டிய நிதானத்தைப் போலவே, பொறுமையோடு பல்லாண்டு உழைத்துப் பெற்ற வெற்றி இது.