டைபாய்டுக்குப் பயந்து ஊரையே காலி பண்ணிய பள்ளிக்கூடம்

ஒரு பள்ளிக்கூடமே மூட்டை கட்டிக்கிட்டு ஊரை விட்டுப் போன கதை தெரியுமா உங்களுக்கு?

இங்கிலாந்தின் ரட்லண்டில் அப்பிங்ஹாம்னு ஒரு சின்ன ஊர். அங்கே 1584-ல் தொடங்கிய உறைவிடப் பள்ளி. 1853-ல் எட்வர்ட் திரிங் தலைமை ஆசிரியராக வந்தப்போ விரல்விட்டு எண்ணுற அளவுக்குத்தான் பசங்க. இருபது வருஷத்தில் அதை முந்நூறுக்குக் கொண்டு வந்தார் மனுஷன். ஆனா ஊரின் கிணறும் சாக்கடையும் பழையபடியேதான்.

1875 இலையுதிர் காலத்தில் டைபாய்டு வந்தது. சில மாணவர்கள் இறந்துபோனார்கள். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பி, விடுதிக் கழிவுக் குழாய்களைச் சரிபண்ணி, 1876 ஜனவரியில் மறுபடி திறந்தாங்க. காய்ச்சலும் மறுபடி வந்தது!

ஏன்னு ஒரு டாக்டரா எனக்குப் புரியுது. விடுதியை மட்டும் சரிசெய்தா போதுமா? மலக்குழிக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணியைத்தானே ஊரே குடிக்குது. டைபாய்டு நோயாளியின் மலத்திலிருந்து தண்ணி வழியா பரவும்னு வில்லியம் பட் என்ற பிரிஸ்டல் மருத்துவர் 1873-லேயே புத்தகம் போட்டுச் சொல்லிட்டார். ஆனா ஊர்ப் பெரியவங்களுக்கு, வரிப்பணத்தில் சாக்கடை கட்டணுமேங்கிற கவலை. ஊர் பள்ளியைக் கை காட்ட, பள்ளி ஊரைக் கை காட்டியது. (கேட்ட மாதிரி இருக்கா?)

பெற்றோர் பிள்ளைகளை எடுத்துட்டா பள்ளி அதோட முடிஞ்சது. திரிங் எடுத்த முடிவு, என்னைப் பொறுத்தவரை, அசாத்தியமானது. சில வாரங்களுக்குள் இடம் பிடித்து, 1876 ஏப்ரலில் மொத்தப் பள்ளியையும் வேல்ஸின் மேற்குக் கடற்கரையில் உள்ள போர்த் கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார். முந்நூறு பசங்க, ஆசிரியர்கள், அவங்க குடும்பங்கள், கட்டில், மெத்தை எல்லாம். கேம்ப்ரியன் ஹோட்டல்தான் பள்ளி. இடம் பத்தாதவங்களுக்கு ஊர் வீடுகள் வாடகைக்கு. ஓராண்டுக்கும் மேல் அங்கேயே பாடம், அங்கேயே விளையாட்டு. 1877 ஜனவரியில் புயலடித்துக் கடல் கிராமத்துக்குள் புகுந்தப்போ, பசங்களும் இறங்கி உதவினாங்க.

இங்கே அப்பிங்ஹாமில் என்ன நடந்தது? பள்ளியை நம்பியிருந்த கடைக்காரர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. சாவு அசைக்காததை நஷ்டம் அசைத்தது. சாக்கடை வேலையும் குடிநீர் ஏற்பாடும் நகரத் தொடங்கின. 1877-ல் பள்ளி திரும்பியப்போ ஊரே திரண்டு வரவேற்றது.

டைபாய்டு கிருமியை எபெர்த் நுண்ணோக்கியில் பார்த்தது அதற்கும் மூணு வருஷம் கழிச்சு, 1880-ல்.