வாடிய இலையும் உவர்க் கிணறும்

அண்மையில் கனடாவில் வசிக்கும் ஊர் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். யன்னலோரத்துப் பூச்சாடியில் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடி தலை கவிழ்ந்துவிட்டதாம். நாள்தோறும் நீர் ஊற்றியும் பயனில்லையாம். "நாள்தோறும் ஊற்றுவதுதான் பிழையோ தெரியாது" என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு காலத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன். அந்த அறியாமைக்கு எங்கள் வீடு கொடுத்த விலையைச் சொல்லவே இப்பதிவு.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். சாய்ந்தமருதின் கரையோர வீதிகள் இருந்த இடம் தெரியாமற் போயின. அங்கிருந்த என் சாச்சியின் வீடும் போயிற்று, சாச்சியும் போனார். சற்று உள்ளே இருந்த எங்கள் வளவினுள் கடல்நீர் புகுந்து, கிணற்றை நிரப்பிவிட்டு வடிந்தது. விறாந்தையின் உயர்ந்த கட்டில் இருந்த உம்மாவின் பூச்சாடிகள் மட்டும் தப்பின. அவற்றில் இருந்த ரோசா, குரோட்டன், மல்லிகை எல்லாம் சாச்சியின் வளவிலிருந்து ஒடித்து வந்த தடிகள். தங்கையின் வீட்டில் எஞ்சியவை அவையே.

குடிநீர் பவுசரில் வந்தது. பூச்சாடிகளுக்குக் கிணற்று நீர்தான். சில வாரங்களில் இலைகள் தொங்கின. நான் குறிப்பேட்டோடு அகதி முகாம்களுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். உம்மா கேட்டபோது, எழுதுவதிலிருந்து தலை நிமிராமலே, "தண்ணி காணாது போல, இன்னும் ஊத்துங்க உம்மா" என்றேன். உம்மா ஊற்றினார். ஒன்றன்பின் ஒன்றாக அவை கருகின. கூரைப் பீலியின் கீழ் மழைநீர் விழும் இடத்திலிருந்த மல்லிகை மாத்திரம் பிழைத்தது.

ஏன் என்பதைப் பிற்காலத்தில் வாசித்தே அறிந்தேன். இதன் கதை முந்நூறு ஆண்டுகள் பழையது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் 1724இல் ஒரு சூரியகாந்திச் செடியைப் பூச்சாடியோடு தராசில் நிறுத்தார். மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி சாடியின் வாயை ஈயத் தகட்டால் மூடியிருந்தார். பகல் ஒன்றுக்குச் சராசரி 20 அவுன்ஸ், அதாவது அரை லீற்றருக்குச் சற்று மேலான நீர், இலை வழியே வெளியேறுவதைக் கண்டு 1727இல் நூலாக வெளியிட்டார். நாம் ஆவியுயிர்ப்பு என்றும் தமிழகத்தார் நீராவிப்போக்கு என்றும் படிப்பது இதைத்தான். இலை செலவழிப்பதை வேர் ஈடுசெய்ய முடியாதபோது செடி வாடுகிறது. ஏன் முடியவில்லை என்பதை இலை சொல்வதில்லை.

காரணங்கள் பல. மண் காய்ந்திருக்கலாம். மண்ணில் நீர் தேங்கி, ஒட்சிசன் இன்றி வேர் அழுகியிருக்கலாம். அல்லது மண்ணீரில் உப்பு மிகுந்து, வேரால் அதனை உறிஞ்ச முடியாதிருக்கலாம். மூன்றிலும் இலை ஒன்றுபோலவே தொங்கும். நீரில் நின்றுகொண்டே தாகத்தால் சாவது பின்னைய இரண்டும்.

உப்பின் கொடுமையை முற்காலக் கப்பல்கள் நன்கறியும். திறந்த மேற்தளத்தில் ஏற்றிவந்த செடிகள் உப்புச் சாரலாலும் நன்னீர்ப் பஞ்சத்தாலும் மடிந்தன. 1829இல் இலண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், மூடிய போத்தலினுள் பன்னம் ஒன்று தானே முளைத்து வாழ்வதைக் கண்டார். இலை விட்ட ஆவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டிகளில் 1833இல் சிட்னிக்கு அனுப்பப்பட்ட செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1876இல் கியூ பூங்காவிலிருந்து 1,919 இறப்பர்க் கன்றுகள் அத்தகைய 38 பெட்டிகளில் இலங்கை வந்தன. பெரும்பாலானவை பிழைத்து, கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. நாட்டின் இறப்பர்ச் செய்கை தொடங்கியது அங்கேதான். ஒரு பெருந்தொழிலின் தலைவிதியைக் கடலுப்புப் படாத கொஞ்ச நீர் தீர்மானித்தது.

எங்கள் கிணறுகளின் கதையும் அதுவே. கரையோர மணலின் கீழே மழைநீர், உப்புநீரின் மீது பாலாடைபோல் மிதக்கிறது. அலைக்குப் பின்னர் கிணறுகளைத் துப்புரவாக்கப் பல இடங்களில் இயந்திரம் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும் என நிபுணர்கள் எச்சரித்தார்கள். ஈற்றில் உப்பைக் கழுவியது மாரி மழைதான். உம்மாவின் சாடிகளில் நானும் அதே தவற்றைத்தான் செய்வித்தேன். ஒவ்வொரு வாளி நீரும் உப்பைக் கொண்டுவந்தது. நீர் ஆவியாக, உப்பு மண்ணில் தங்கியது.

ஆகவே நண்பருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன். இலை தொங்கினால் முதலில் வாளியைத் தூக்காதீர்கள். மண்ணுக்குள் விரலை விடுங்கள், சாடியைத் தூக்கிப் பாருங்கள். மண் காய்ந்து சாடி இலேசாக இருந்தால், அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். ஈரமாய், கனமாய், அடியிலைகள் மஞ்சளித்து, மண் நாறினால் நிறுத்துங்கள். துளை அடைபட்டுள்ளதா எனப் பாருங்கள். இலையோரம் கருகி, மண்மேல் வெள்ளைப் பொருக்கு படர்ந்தால் அது உப்பு. இரசாயனப் பசளை கூடினாலும் அவ்வாறே தோன்றும். நன்னீரை நிறைய ஊற்றி முழுதாக வடியவிடுங்கள். உச்சி வெயிலில் வாடி மாலையில் நிமிரும் செடிக்கு, மண் ஈரமாயின், ஒன்றும் வேண்டாம்.

மறுநாள் நண்பர் மீண்டும் அழைத்தார். சாடியின் கீழிருந்த தட்டில் ஒரு விரற்கடை நீர் தேங்கி நின்றதாம். தட்டை எடுத்துவிட்டாராம், செடி தேறுமா என்று கேட்டார். வேர் எஞ்சியிருந்தால் தேறும் என்றேன்.

உம்மாவும் அன்று என்னிடம் அதையேதான் கேட்டார். நான் எழுந்து போய் மண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை.