ஈயம் பூசாத அண்டா

உப்பிலியபுரம் வீட்டுப் பரணில் ஒரு செப்பு அண்டா கிடந்தது. விளிம்புக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில் பாட்டியின் பெயர். போன தை மாசம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பா அதை இறக்கி, துறையூருக்குக் கொண்டுபோய் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். "ஈயம் பூச ஆளே இல்ல. வெச்சிக்கிட்டு என்னடா பண்றது?" எனக்குப் பதில் தெரியவில்லை.

செம்பு என்றால் நமக்கு உலோகமும் அதுதான், தண்ணீர் மொள்ளுகிற பாத்திரமும் அதுதான். ஆனால் இவ்வளவு ஒட்டுறவான உலோகம் பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், முசிறிக் கரையில் வந்திறங்கிய பொருட்களில் செம்பையும் ஈயத்தையும் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி நாகசாகியிலிருந்து ஜப்பானியச் செம்பைச் சோழமண்டலக் கரைக்கு ஏற்றிவந்தது. பிறகு இங்கிலாந்துத் தகடு. உலோகம் கப்பலில் வந்தது, கை மட்டும் உள்ளூர்க் கன்னாருடையது.

விலை கொடுத்து வாங்கிய உலோகத்தை யாரும் தூக்கியெறிய மாட்டார்கள். ஓட்டை விழுந்த குடம் உலைக்குப் போய் வேறொரு குடமாக வரும். 1905இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, 31 ஏடுகளோடு நம் கைக்கு வந்தது. நிலத்துக்கு அதுதான் பத்திரம் என்பதால் பத்திரமாக இருந்தது என்று நினைக்கிறேன். அதே காலத்து அண்டாக்கள் எத்தனை முறை உருகி எந்த வீட்டில் எதுவாக இருக்கின்றனவோ!

கன்னாரின் வேலையில் என்னை அசத்தியது ஒரு தலைகீழ்ச் சங்கதி. கொல்லர் உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது இறுகும். செம்பு அப்படியில்லை. அடிக்க அடிக்கத்தான் இறுகும், அதற்குமேல் அடித்தால் வெடிக்கும். சிவக்கக் காய்ச்சினால் மறுபடி இளகிக்கொடுக்கும். ஒரு குடத்தின் வயிறு திரள்வதற்குள் இந்தக் காய்ச்சலும் அடியும் பலமுறை மாறி மாறி நடக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சுத்தியலின் சத்தமே சொல்லிவிடுமாம்.

புளி பட்டால் செம்பு களிம்பு ஏறும், சோறு விஷமாகும். அதனால்தான் உள்ளே ஈயம். பாத்திரத்தைத் தேய்த்துச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளைப் புகை கிளம்பும்போது ஈயத்தைத் தொட்டுப் பஞ்சால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஈயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். "வெறும் பாத்திரத்த அடுப்புல வெக்காதடி" என்று பாட்டி அம்மாவைக் கத்தியதன் காரணம் இப்போதுதான் புரிகிறது.

எவர்சில்வருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையே அந்தத் தகட்டை உருட்ட ஆரம்பித்தது. பெண்களுக்குப் பாதி வேலை மிச்சம்; அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பஞ்சாபில் ஜண்டியாலா குரு ஊரின் டட்டேராக்கள் செய்யும் பாத்திரத் தொழிலை யுனெஸ்கோ 2014இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மூர்க் கன்னார் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் பிள்ளைகளில் பலர் பாத்திரக்கடையில் எவர்சில்வர் விற்கிறார்கள்.

கடைசியில் திருச்சியில் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தேன். அண்டாவைக் கவிழ்த்து விரலால் தட்டினார், இன்னொரு இடத்தில் தட்டினார், சத்தம் வேறாக இருந்தது.

"அடி தேஞ்சிருக்கு தம்பி. இன்னும் ரெண்டு பூச்சு தாங்கும். அதுக்கு மேல உருக்கத்தான் வேணும்."

ஒன்றைப் பூசச் சொன்னேன்.