கப்பல் விருந்துக்கு ஒரு பார்சிப் புடவை

அக்கா மகள் ராஜபாளையத்திலிருந்து பேசினாள். அவள் கணவருடைய அலுவலகத்தில் எல்லோரையும் குடும்பத்தோடு மூன்று நாள் சொகுசுக் கப்பலில் அழைத்துப் போகிறார்களாம். சென்னையில் ஏறி, கடலைச் சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறங்குவது. இரண்டாம் நாள் இரவு விருந்துக்கு ‘ஃபார்மல்’ உடையில் வரவேண்டும் என்று தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

“அவருக்குக் கோட்டு எடுத்தாச்சு சித்தி. எனக்குத்தான் குழப்பம். பட்டு கட்டினா கல்யாண வீடு மாதிரி இருக்கும்ங்கறார். சுடிதார் போட்டா சாதாரணமா இருக்குமாம். கவுன் எடுக்கலாம்னா அத்தை என்ன சொல்வாங்களோ.”

“உனக்கு எதைக் கட்டிக்கிட்டா சோறு நிம்மதியா இறங்கும்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மகாராஜபுரத்தில் எங்களுக்கு மேற்கே மலை உண்டு, கடல் கிடையாது. கப்பல் விருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். அதில் ஒரு விருந்து மட்டும் மனதை விட்டுப் போவதில்லை. 1896 கிறிஸ்துமஸ் அன்று, டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ‘கூர்லாந்து’ என்ற கப்பலில் நடந்தது அது. தலைவர் கொடுத்த விருந்தில் முக்கிய விருந்தினர்கள் காந்தியும் அவர் குடும்பமும். சாப்பாட்டுக்குப் பிறகு காந்தி மேற்கத்திய நாகரிகத்தைப் பற்றிப் பேசினார். பக்கத்தில் கஸ்தூர்பா. வயது இருபத்தேழு. பார்சிப் புடவை, காலில் உறையும் பூட்ஸும்.

அந்த உடையை யார் தீர்மானித்தார்கள் என்பதைக் காந்தியே ‘சத்திய சோதனை’யில் எழுதிவிட்டார். கப்பல் முதலாளி தாதா அப்துல்லா குடும்பத்தை இலவசமாக ஏற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். மனைவி, இரண்டு மகன்கள், விதவைச் சகோதரியின் மகன் ஆகியோர் என்ன உடுத்துவது, எப்படிச் சாப்பிடுவது என்பதெல்லாம் பாரிஸ்டரின் பொறுப்பானது. நாகரிகமாகத் தெரியவேண்டும் என்றால் ஐரோப்பியருக்கு அருகில் வரவேண்டும் என்று அவர் அப்போது நம்பினார். முழு ஐரோப்பிய உடை பொருந்தாது. கத்தியவார் பனியா உடையோ கௌரவக் குறைவு. இந்தியருள் மிக நாகரிகமானவர்கள் என்று அன்று பெயரெடுத்திருந்தவர்கள் பார்சிகள். ஆகவே பார்சி உடை. பூட்ஸ் காலைக் கடித்தது, உறை வியர்வையில் நாறியது, விரல்கள் புண்ணாயின. முள்ளும் கத்தியும் அதைவிடக் கசந்தன. ஒவ்வொரு முறையீட்டுக்கும் தன்னிடம் பதில் தயாராக இருந்தது என்கிறார் காந்தி. அவர்கள் இணங்கியது பதிலுக்காக அல்ல, தன் அதிகாரத்துக்காகத்தான் என்றும் பிற்பாடு ஒப்புக்கொள்கிறார்.

இந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் புண் பட்ட கால் பேசிய ஒரு வரியும் நம்மிடம் இல்லை. இருப்பது பூட்ஸ் மாட்டிவிட்டவரின் வாக்குமூலம் மட்டும்.

இதில் எனக்கு மேலும் உறுத்துவது 1888. லண்டனுக்குப் படிக்கக் கப்பலேறிய பதினெட்டு வயதுப் பையனுக்கு முள்ளும் கத்தியும் பிடிக்கத் தெரியாது, ஆங்கிலத்தில் பேசவும் கூச்சம். சாப்பாட்டு மேசைக்கே போகாமல், கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள் வைத்துத் தின்றான். இறங்கும் அன்று போடவென்று வெள்ளை ஃபிளானல் உடையைப் பத்திரமாக வைத்திருந்து போட்டுக்கொண்டான். செப்டம்பர் கடைசியில் அந்த நிறத்தில் வேறு ஒருவரும் இல்லை என்று கண்டு குன்றிப்போனான். அந்தக் கூச்சத்தை அறிந்தவர்தான் எட்டு ஆண்டு கழித்து மனைவியை அதே மேசைக்கு உடுத்தி அழைத்துப் போகிறார். அறைக்குள் உட்கார்ந்து தின்னும் வழி கஸ்தூர்பாவுக்கு இருக்கவில்லை.

பார்சிக் கட்டின் கதை வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1864-இல் கல்கத்தாவின் தாகூர் வீட்டு மருமகள் ஞானதானந்தினி தேவி கணவர் சத்யேந்திரநாத்துடன் பம்பாய்க்குப் புறப்பட்டார். ரவிக்கையும் உள்பாவாடையும் இல்லாத ஒற்றைப் புடவையோடு வெளியே போகலாகாது என்று பிரெஞ்சுத் தையற்காரரிடம் ஓர் உடை தைக்கப்பட்டது. அதை மாட்டுவதே பெரும்பாடு. பம்பாயில் அவர் பார்சிப் பெண்களைப் பார்த்துக் கற்றார், தன் வசதிக்கு மாற்றினார், ஊர் திரும்பியதும் மற்றப் பெண்களுக்குக் கற்றுத் தர முன்வந்தார். 1877-இல் கணவர் துணையின்றிப் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலும் ஏறினார். ஒரே புடவைக் கட்டுதான். ஒருத்தி தேடிப் போய்க் கற்றது, இன்னொருத்திக்குச் சுற்றிவிடப்பட்டது.

கூர்லாந்தின் விருந்து மேசையை விட்டுக் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும். பம்பாயில் பிளேக் இருந்ததைக் காரணம் காட்டி அந்தக் கப்பலையும், கூட வந்த ‘நாதேரி’யையும் கரைக்கு விடாமல் வைத்திருந்தார்கள். இரண்டிலும் சேர்த்துச் சுமார் எண்ணூறு பேர். அந்தத் தடைக்காலத்தில் பயணிகளின் விரிப்புகளும் பழந்துணிகளும் எரிக்கப்பட்டன. மேலே எந்த உடை நாகரிகம் என்ற கவலை. கீழே இருந்த துணியும் போயிற்று. 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலில் இறக்கியதிலிருந்து எத்தனையோ தமிழ்ப் பெண்கள் இதே கடலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அவர்கள் என்ன உடுத்திச் சாப்பிட்டார்கள் என்று யாரும் சுயசரிதை எழுதவில்லை.

1897 ஜனவரி 13 அன்று கரையிறங்கிய காந்தியை வெள்ளையர் கூட்டம் தாக்கியது. அன்றிரவு அவரைத் தப்ப வைத்ததும் ஓர் உடைதான்: இந்தியப் போலீஸ்காரர் சீருடை, தலையில் ஒரு தட்டைக் கவிழ்த்து மேலே சுற்றிய மதராஸ் துண்டு. (முள்ளும் கத்தியும் பழக்கிய வீட்டில் கடைசியில் உதவியது தட்டு.)

கஸ்தூர்பாவின் குரல் அதே புத்தகத்தில் ஓரிடத்தில் உரக்கக் கேட்கிறது. 1901-இல் நேட்டாலை விட்டுக் கிளம்பும்போது வந்த பரிசு நகைகளைப் பொது அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடக் காந்தி முடிவெடுத்தார். அவற்றில் கஸ்தூர்பாவுக்கென்றே வந்த தங்க ஆரமும் உண்டு. என் ஆரத்தின் மேல் உங்களுக்கென்ன உரிமை என்று அவர் கேட்டார். இரவும் பகலும் உங்களுக்காக உழைத்தேனே, அது சேவை இல்லையா என்றும் கேட்டார். நகைகள் போய்விட்டன. கேள்வி அச்சில் நிற்கிறது.

பிறகு காந்தியின் உடை மாறிக்கொண்டே போனது. 1913-இல் சிறையிலிருந்து வந்ததும் ஒப்பந்தக் கூலிகளைப் போல உடுத்தினார். 1921 செப்டம்பர் 22 அன்று, எங்களுக்குப் பக்கத்து நகரமான மதுரையில், அரைவேட்டிக்கு மாறினார். 1931-இல் அந்த வேட்டியோடே லண்டன் கப்பலேறினார். மதுரை மேல மாசி வீதியில் அந்த வீட்டைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்; நானும் வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். ஓர் ஆண் தன் உடையைத் தானே முடிவு செய்த நாளுக்குத் தேதியும் முகவரியும் உண்டு. கஸ்தூர்பா பூட்ஸைக் கழற்றிய நாளுக்கு இரண்டும் இல்லை. பழகிய பிறகு அதை விட்டுத் திரும்புவதும் அவர்களுக்குச் சிரமமாக இருந்திருக்கலாம் என்று காந்தி ஒரு வரி எழுதுகிறார், அவ்வளவுதான்.

திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் மாலையைச் சூடித் தன்னைப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையை முதலில் தான் போட்டு, அழகாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த பெண்ணை எங்கள் ஊர்ப்பக்கம் கும்பிடுகிறோம். அக்கா மகள் கல்யாணமான வாரம் அங்கே போய் எட்டிப் பார்த்தவள்தான்.

கப்பலிலிருந்து திரும்பியதும் படம் அனுப்பினாள். அவளுடைய பழைய சுங்குடிப் புடவை. பக்கத்தில் கோட்டுக்குள் கணவர் புழுங்கிக்கொண்டிருந்தார். “காலில் என்ன போட்டிருந்தே?” என்று கேட்டேன்.

“ரப்பர் செருப்பு சித்தி. மேசைக்குக் கீழே அதையும் கழட்டிட்டேன்.”