பத்தாம் வகுப்பில் இல்லாத தனிம அட்டவணை: 'பிளஸ் ஒன்னில் இருக்கிறதே' என்ற பதில் போதுமா?

பள்ளிக்கூட அறிவியல் லேபில் மாட்டியிருந்த சார்ட் ஞாபகம் இருக்கிறதா? ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று கட்டம் கட்டமாக இருக்குமே, அந்தத் தனிம வரிசை அட்டவணைதான். சிபிஎஸ்இ பள்ளியில் இப்போது பத்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் தம்பியிடமோ அக்கா மகளிடமோ அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அது எங்க சிலபஸ்லயே இல்லையே" என்று சொல்லக்கூடும்.

தனிம அட்டவணை மட்டுமல்ல, பரிணாமமும் ஜனநாயகம் பற்றிய மூன்று பாடங்களும் அதே நேரத்தில் நீக்கப்பட்டன. 'அதெல்லாம் மேல் வகுப்பில் வருகிறது' என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் பதில். அந்தப் பதில் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

என்ன நடந்தது?

தேசிய அளவில் பள்ளிப் புத்தகங்களைத் தயாரிக்கும் அமைப்பு என்சிஇஆர்டி. கொரோனா காலத்தில் மாணவர்களின் சுமையைக் குறைக்க 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான பாடங்களைச் சுருக்குவதாக 2022இல் அது அறிவித்தது. 2023-24 கல்வியாண்டுக்கு அச்சான புத்தகங்களில் அந்தப் பகுதிகள் இல்லை. கொரோனா முடிந்தது, பாடங்கள் திரும்ப வரவில்லை.

பத்தாம் வகுப்பில் போனவற்றில் முக்கியமானவை:

• தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு: முழு அத்தியாயம்.
• 'மரபும் பரிணாமமும்' என்ற அத்தியாயம் 'மரபு' என்று சுருங்கியது. மெண்டலின் பட்டாணிச் செடி இருக்கிறது. டார்வின், புதைபடிவங்கள், மனிதப் பரிணாமம் இல்லை.
• ஆற்றல் மூலங்கள், இயற்கை வளங்களின் நீடித்த மேலாண்மை: இரண்டு முழு அத்தியாயங்கள்.
• அரசியல் அறிவியலில் 'ஜனநாயகமும் பன்முகத்தன்மையும்', 'மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும்', 'ஜனநாயகத்தின் சவால்கள்': மூன்று முழு அத்தியாயங்கள்.

என்சிஇஆர்டி என்ன சொல்கிறது?

ஒரே விஷயம் வேறு பாடத்திலோ வேறு வகுப்பிலோ வருகிறது, கடினமாக இருக்கிறது, மாணவர்கள் தாமாகவே படித்துக்கொள்ளலாம், இன்றைய சூழலுக்குப் பொருந்தவில்லை: நீக்கத்துக்கு இவைதான் அளவுகோல்கள். தனிம அட்டவணை 11ஆம் வகுப்பு வேதியியலில் இருக்கிறது, பரிணாமம் 12ஆம் வகுப்பு உயிரியலில் இருக்கிறது என்றும் விளக்கம் தரப்பட்டது.

இரண்டும் அங்கே இருப்பது உண்மை. நம் பிள்ளைகளின் புத்தகப் பை கனமானது என்பதும் உண்மை. பாடச்சுமையைக் குறைத்து, அடிப்படைகளுக்கும் சிந்தனைக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. அப்படியானால் எது 'அடிப்படை' என்பதுதான் கேள்வி.

தனிம அட்டவணை வெறும் மனப்பாடமா?

முதல் 20 தனிமங்களை ஒப்பிக்கச் சொல்லி அடி வாங்கியவர்களுக்கு அது மனப்பாடமாகத்தான் தெரியும். ஆனால், அந்த அட்டவணையின் வேலையே மனப்பாடத்தைக் குறைப்பதுதான்.

1869இல் ரஷ்ய விஞ்ஞானி மெண்டெலீவ் தனிமங்களை அடுக்கியபோது 60க்கும் சற்று அதிகமானவைதான் தெரிந்திருந்தன. குணம் ஒத்தவை ஒரே குழுவில் வரும்படி வைத்தார். பொருந்தாத இடங்களைக் காலியாக விட்டு, 'இங்கே வரவேண்டிய தனிமம் இப்படி இருக்கும்' என்று முன்கூட்டியே எழுதினார். 1875இல் அதில் ஒன்று கிடைத்தது. அதுதான் காலியம். அதன் அடர்த்தியைக் கண்டுபிடித்தவர் 4.7 என்று அளந்தார். 5.9 சுமாருக்கு வர வேண்டும், மறுபடி அளந்து பாருங்கள் என்றார் மெண்டெலீவ். சுத்தமான மாதிரியை எடுத்து மீண்டும் அளந்தபோது 5.9தான் வந்தது. அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் சொன்ன எண் அது.

இன்று உங்கள் போனின் சின்ன ஃபாஸ்ட் சார்ஜருக்குள் காலியம் நைட்ரைடு இருக்கலாம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு லித்தியத்துக்குப் பதில் சோடியம் பேட்டரி வரலாம் என்று செய்தி படிக்கிறோம். ஏன் சோடியம்? அட்டவணையில் லித்தியத்துக்கு நேர் கீழே இருப்பது அதுதான். ஒரே குடும்பம், ஏறக்குறைய ஒரே குணம். இது தெரிந்தால் செய்தி புரியும். தெரியாவிட்டால் விளம்பரத்தை நம்ப வேண்டியதுதான்.

பரிணாமம் யாருக்குத் தேவை?

"குரங்கிலிருந்து மனிதன் வந்தானா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு இந்தப் பாடத்தை முடித்துவிடுகிறோம். அதன் மையக் கருத்து எளிமையானது. ஒரு கூட்டத்தில் எல்லா உயிர்களும் ஒன்றுபோல இருப்பதில்லை. சூழலைத் தாக்குப்பிடிப்பவை அதிகம் பெருகுகின்றன. தலைமுறைகள் போகப்போக கூட்டமே மாறிவிடுகிறது.

மெடிக்கலில் வாங்கும் ஆன்டிபயாடிக் அட்டையின் பின்னால் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று அர்த்தம். 2016இல் இதற்காக மத்திய அரசு விழிப்புணர்வுப் பிரசாரமே நடத்தியது. அடிக்கடி மாத்திரை போட்டால் 'உடம்பு பழகிவிடும்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மருந்துக்குப் பழகுவது நம் உடம்பு அல்ல. மருந்துக்குச் சாகாத சில பாக்டீரியாக்கள் மிஞ்சி, அவை மட்டும் பெருகுகின்றன. டார்வின் 1859இல் எழுதியது நம் மருந்து டப்பாவுக்குள் நடக்கிறது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. பாடச்சுமையைக் குறைக்கச் சொன்ன காரணம் கொரோனா. அந்த வைரஸே டெல்டாவாக, ஓமிக்ரானாக மாறிக்கொண்டிருந்தது. பரிணாமத்தைப் புரியவைக்க அதைவிட நல்ல உதாரணம் எந்த வாத்தியாருக்கும் கிடைத்திருக்காது.

2023 ஏப்ரலில் பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி வெளியிட்ட பகிரங்கக் கடிதத்தில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு, பரிணாமத்தைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள்.

'மேல் வகுப்பில் வரும்': யாருக்கு?

பத்தாம் வகுப்புக்குப் பிறகு என்சிஇஆர்டி பாடத்திட்டத்தில் யார் எதைப் பார்ப்பார்கள் என்று பிரித்துப் பார்ப்போம்.

• உயிரியலோடு அறிவியல் எடுப்பவர்: தனிம அட்டவணை, பரிணாமம் இரண்டும் கிடைக்கும்.
• உயிரியல் இல்லாமல் கணிதம், கம்ப்யூட்டர் எடுப்பவர்: தனிம அட்டவணை கிடைக்கும். பரிணாமம் கிடைக்காது.
• வணிகவியல், கலைப் பிரிவு எடுப்பவர்: இரண்டும் கிடைக்காது.
• பத்தோடு படிப்பை நிறுத்துபவர்: இரண்டும் கிடைக்காது.

ஜனநாயகப் பாடங்களின் நிலை இன்னும் மோசம். நேபாளத்தில் மன்னராட்சிக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியதையும், பொலிவியாவில் தண்ணீரைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்த போராட்டத்தையும் சொன்னது 'மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும்' பாடம். சரி, 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியலில் பார்த்துக்கொள்ளலாமா? அங்கே இருந்த 'மக்கள் இயக்கங்களின் எழுச்சி' அத்தியாயமும் நீக்கப்பட்டுவிட்டது. அரசியல் அறிவியல் புத்தகங்களின் தலைமை ஆலோசகர்களாக இருந்த சுஹாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும், புத்தகங்களிலிருந்து தங்கள் பெயரை எடுத்துவிடும்படி 2023 ஜூனில் என்சிஇஆர்டிக்கு எழுதினார்கள்.

நாளைக்கு டாக்டர் ஆகிறவரும் ஆடிட்டர் ஆகிறவரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் ஒரே புத்தகத்தைப் படிக்கும் கடைசி வகுப்பு பத்தாம் வகுப்பு. அங்கிருந்து 12ஆம் வகுப்புக்குப் போகும் பாடம் இடம் மாறவில்லை; பொதுச் சொத்தாக இருந்தது ஒரு பிரிவினரின் சொத்தாகிவிடுகிறது. ஆன்டிபயாடிக் வாங்குவதும் ஓட்டுப் போடுவதும் அந்தப் பிரிவினர் மட்டும் செய்யும் வேலைகள் அல்லவே.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் தனிம வரிசை அட்டவணையும் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன. ஆகவே ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளில், ஒன்றில் டார்வின் உண்டு, மற்றதில் இல்லை என்ற நிலை சாத்தியம். 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு கல்வி பொதுப்பட்டியலில் இருக்கிறது. மாநிலங்கள் தங்கள் புத்தகங்களைத் தாங்களே எழுதலாம். 11, 12ஆம் வகுப்புகளில் நீக்கப்பட்ட சில பகுதிகளைத் துணைப் புத்தகமாகவே அச்சிட்டு 2023இல் கேரளா கொடுத்தது.

என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டுப் பிள்ளை சிபிஎஸ்இ-யில் படித்தால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பாடநூல் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் இரண்டு பாடங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து படிக்கலாம். பரீட்சைக்கு வராது என்பதால், இந்த முறை ஒப்பிக்கச் சொல்லி யாரும் அடிக்கவும் மாட்டார்கள்.