போடி மலையும் புகைவண்டியும்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலையேறுவோர், கொட்டகுடி ஊராட்சியில் இரண்டு சிற்றூர்ப் பெயர்களைக் கேட்டு வியப்படைவர். ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன். மற்றொன்று டாப் ஸ்டேஷன். இரண்டிலும் தண்டவாளம் இல்லை; பயணச்சீட்டு தரும் சாளரமும் இல்லை. ஊர்ப்பெயர்களைப் பற்றி மாணவியருக்குப் பாடம் சொல்லும் நானே, இவை யாரோ விளையாட்டாக வைத்த பெயர்கள் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தைத் திருத்தியவர் என் பெரியப்பா.

அவர் ரயில்வே ஊழியர் அல்லர். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதியவர். ஆயினும் உறவினர் அனைவரும் அவரை ‘எஞ்சின் பைத்தியம்’ என்றே அழைத்தனர். மதுரைச் சந்திப்பில் நின்று, வந்துபோகும் எஞ்சின்களின் எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அவர் மனம் கவர்ந்தது ‘ஒய்.பி.’ என்னும் நீராவி எஞ்சின். ‘ஒய்’ என்பது மீட்டர் பாதையையும், ‘பி’ என்பது பயணிகள் வண்டியையும் குறிக்கும். 1949 முதல் வெளிநாடுகளிலிருந்தும் பின்னர் ஜாம்ஷெட்பூரிலிருந்துமாக, 870க்கு மேற்பட்டவை இவ்வகையில் வந்தன. முன்னே நான்கு சிறு சக்கரம், நடுவே ஆறு பெருஞ்சக்கரம், பின்னே இரண்டு. அந்த நடு ஆறும் சுழலத் தொடங்கும் காட்சியை அவர் கைகளால் நடித்துக் காட்டுவார். பின்னர் வந்த ‘ஒய்.டி.எம்.4’ டீசல் எஞ்சினை அவருக்குப் பிடிக்காது. “மூச்சு வாங்காம இழுக்குற மாட்டை எப்படித் தாயி நம்புறது?” என்பார்.

எனினும், அவர் மிகுதியாகப் பேசியது தாம் கண்ணால் காணாத ஒரு வண்டியைப் பற்றி; எஞ்சினே இல்லாத வண்டி அது. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனிக்காக ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. யூவிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் சுமை பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் ஓடும் சிறு சக்கரங்களில் தங்கும். பக்கவாட்டில் பெரிய சக்கரம் ஒன்று சாலையில் உருண்டு, வண்டி சாயாமல் காக்கும். இழுத்தவை எருதுகள். இம்முறையின் மற்றோர் இந்திய எடுத்துக்காட்டு, 1907இல் தொடங்கிய பாட்டியாலா அரசின் பாதை. அதற்கென ஜெர்மனியில் செய்யப்பட்ட நீராவி எஞ்சின்களுள் ஒன்று புதுதில்லி இரயில் அருங்காட்சியகத்தில் உள்ளது. பாட்டியாலாவுக்குக் கிட்டிய அப்பேறு குண்டளைக்குக் கிட்டவில்லை.

1908இல் ஒற்றைத் தண்டவாளம் அகற்றப்பட்டு, இரண்டடி அகலமுள்ள இருப்புப்பாதை போடப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வந்து சேரும். அங்கிருந்து செங்குத்தான சரிவில் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டுவண்டியில் போடிக்கு வரும். சென்ட்ரல் ஸ்டேஷன் அவ்வடப்பாதையின் இடைநிலையம். ஊர்ப்பெயர்களின் புதிர் இவ்வாறு அவிழ்ந்தது.

1924 ஜூலை மாதப் பெருவெள்ளம் மலை ரயிலை அடியோடு அழித்தது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்ததால், கேரள மக்கள் அதனைத் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பர். பாதை மீண்டும் போடப்படவில்லை. மூணாற்று நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக 90 கி.மீ. நீளமுள்ள மீட்டர் பாதை போடியை அடைந்தது 1928இல். அதாவது, மலையில் ரயில் மாண்ட நான்காம் ஆண்டில் சமவெளி ரயில் மலையடிக்கு வந்தது. பொதுவாகச் சமவெளியில் தோன்றிய ரயில்தான் மலை நோக்கி நகரும். ஊட்டியும் டார்ஜிலிங்கும் அவ்வாறே. இங்கோ முறை தலைகீழ். உச்சியில் தோன்றிய ரயில் அடிவாரத்தைக் காணாமலே மறைந்தது. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் இணைந்திருக்கும் என்பார் பெரியப்பா. நான் அதனை ஏற்றதில்லை. பாதையின் அகலம் வேறு, இடையிலிருந்ததோ பாறைச்சரிவு. தேயிலைப் பெட்டிக்குக் கம்பிவடம் அமைத்த கம்பெனி, தொழிலாளிக்கு அமைத்தது நடைபாதையே. என் அப்பத்தா ஏலத்தோட்ட வேலைக்குப் போடிமெட்டுப் பாதையில் கூழ்ச்சட்டியுடன் நடந்தே ஏறியவர். ரயிலைப் பற்றிப் பெரியப்பா உருகிப் பேசும்போதெல்லாம், “அந்த ரயிலு எங்களுக்கா ஓடுச்சு?” என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுவார்.

சமவெளிப் பாதைக்கும் நல்வாழ்வு வாய்க்கவில்லை. 1942இல், உலகப்போரின்போது, அது பெயர்த்தெடுக்கப்பட்டது. மீண்டும் போடி வரை வண்டி வந்தபோது 1954. அதற்குள் தென்னிந்திய ரயில்வே மறைந்து, தெற்கு ரயில்வே பிறந்திருந்தது. பின்னர் அகலப்பாதைப் பணிக்காக 2010 டிசம்பர் முடிவோடு மீட்டர் பாதை மூடப்பட்டது. தேனி வரை வண்டி வர 2022 மே. போடிக்கு வர 2023 ஜூன் 15. இருமுறையும் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. டாப் ஸ்டேஷன் சரிவுகளில் நீலக்குறிஞ்சி பூக்கும் கணக்கும் அதுவே. குறிஞ்சித்திணை நடத்தும் எனக்கு இதில் பொருள்காணும் ஆசை எழுகிறது. ஆனால் தற்செயல் என்றே விடுகிறேன். 2018இல் குறிஞ்சி பூத்தபோது போடிக்கு ரயில் இல்லை என்பது மட்டும் வரலாறு.

பெரியப்பா 2016இல் மறைந்தார். இன்று போடிக்கு வரும் வண்டிகளுள் ஒன்று சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படுவது. மலைமேல் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன் இருப்பதை அதில் வருவோருள் எத்தனை பேர் அறிவர்! ஏலத்தோட்டப் பெண்கள் இப்பொழுது விடியுமுன்னே ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மெட்டு ஏறுகின்றனர்.

அவரது குறிப்பேடு என்னிடம் உள்ளது. எஞ்சின் எண்கள் நிரம்பிய பக்கங்களுக்குப் பின், ‘கொட்டகுடி வடம், வேலை பார்த்தவர்கள்’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. எருது ஓட்டியவர், வடத்தில் பெட்டி ஏற்றியவர், கொட்டகுடியிலிருந்து போடிக்கு வண்டி கட்டியவர் ஆகியோரின் பேரப்பிள்ளைகள் நம் வட்டத்திலும் இருக்கக்கூடும். தாத்தாவின் பெயரும் ஊரும் நினைவிலிருப்பின், தெரிவிக்க வேண்டுகிறேன், அப்பக்கத்தில் எழுதிக்கொள்வேன்.