இருமுனைக் கோளாறில் பிரமைகள்: பெயர் மாறிப்போன ஒரு நோயின் வரலாறு

இருமுனைக் கோளாறு மனநிலையை இரண்டு எல்லைகளுக்கு இழுத்துச் செல்லும் நோய். ஒரு பக்கம் தூக்கமே தேவைப்படாத மனஎழுச்சி. மறுபக்கம் படுக்கையை விட்டு எழ முடியாத மனச்சோர்வு. எழுச்சியோ சோர்வோ கடுமையாகும்போது பிறழ்நம்பிக்கை, இல்லாத குரல் காதில் கேட்பது போன்ற பிரமைகளும் சேர்ந்துகொள்வதுண்டு. இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்நிலைக்கு ஆளாகிறார்கள். இவ்வளவு பரவலான ஓர் அறிகுறியை மருத்துவம் நெடுங்காலம் வேறொரு நோயின் கணக்கில் எழுதிவந்தது.

1854ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவக் கழகத்தில் ஜூல் பையார்ழேயும் ழான்-பியர் ஃபல்ரேயும் சில நாள் இடைவெளியில் ஒரே செய்தியைப் பேசினர். எழுச்சியும் சோர்வும் இரண்டு நோய்களல்ல, ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று வரும் ஒரே நோய் என்பது அச்செய்தி. முதலில் சொன்னவர் யார் என்பதில் இருவருக்கும் கடும் பூசல் எழுந்தது. அறிகுறியை மட்டும் பார்க்காமல் நோய் காலப்போக்கில் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் வழக்கம் இங்கே வேரூன்றியது.

அவ்வழக்கத்தை முறையாக்கியவர் எமில் கிரெப்பலின். ஹைடல்பெர்க் மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அட்டை வைத்தார். வந்தபோது இருந்த நிலை, பின்னர் நேர்ந்த மாற்றம், வீடு திரும்பிய பிறகு தெரியவந்தது எல்லாம் அதில் ஏறின. அவற்றைக் கொண்டு 1899இல் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் மனநோய்களை இரண்டாகப் பிரித்தார். படிப்படியாகச் சிதைவில் முடிவது ஒன்று. வந்து வந்து தெளிவது மற்றொன்று. இரண்டாவதற்கு ‘எழுச்சி-சோர்வு மனநோய்’ என்று பெயரிட்டார்; இன்றைய இருமுனைக் கோளாறு இதில் அடங்கும். எழுச்சியில் பிறழ்நம்பிக்கைகளும் மாயக் குரல்களும் வரும் என்பதையும் அவர் விரிவாகவே எழுதினார். பின்வந்தவர்கள் அந்தப் பிரிவினையை எடுத்துக்கொண்டு இந்த விவரத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

1911இல் சூரிச்சின் யூஜென் பிளாய்லர் கிரெப்பலினின் முதல் பிரிவை ‘மனச்சிதைவு’ என்று விரித்து எழுதினார். அதன் அடையாளங்கள் தென்பட்டால், மனநிலை மாற்றங்கள் எவ்வளவு இருந்தாலும் நோய் மனச்சிதைவுதான் என்பது அவர் கொள்கை. 1939இல் குர்ட் ஷ்னைடர் மனச்சிதைவைக் காட்டும் ‘முதல்தர அறிகுறிகள்’ சிலவற்றை வகுத்தார். தன் செயலை ஒரு குரல் வர்ணித்துக்கொண்டே வருவது, தன் எண்ணம் ஊருக்கே கேட்பதாக உணர்வது ஆகியவை அவற்றில் அடங்கும். ஷ்னைடர் எச்சரிக்கையோடுதான் எழுதினார். 1959இல் அவர் நூல் ஆங்கிலத்தில் வந்தபின் அப்பட்டியலை ஓர் இரத்தப் பரிசோதனை போலப் பயன்படுத்தியவர்கள் பலர்.

இதற்கிடையே 1949இல் மெல்பர்ன் மருத்துவர் ஜான் கேட், மனஎழுச்சி கொண்ட பத்துப் பேருக்கு லித்தியம் உப்பு கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். முதல் நோயாளி ஐம்பது வயதைத் தாண்டியவர். ஐந்தாண்டுகளாக ஓயாத எழுச்சியில் இருந்த அவரிடம் மற்றவர்கள் நம்பிக்கை இழந்திருந்தனர். சில வாரங்களில் அமைதியடைந்து வீடு திரும்பி, பழைய வேலைக்கும் போனார். மருந்தை விட்டதும் நோய் மீண்டது. கேட் அதே உப்பை மனச்சிதைவு கண்ட ஆறு பேருக்கும் கொடுத்தார். சிலருடைய பரபரப்பு தணிந்ததே தவிர, நோய் மாறவில்லை. அதன்பின் நோயின் பெயர் ஏட்டளவிலான வேறுபாடாக நிற்கவில்லை; எந்த மருந்து கிடைக்கும் என்பதே அதைப் பொறுத்ததாயிற்று.

அந்நிலையில் நியூயார்க், லண்டன் மருத்துவமனைகளின் கணக்குகள் முரண்பட்டன. நியூயார்க்கில் மனச்சிதைவு மிகுதி, லண்டனில் மனநிலை நோய்கள் மிகுதி. 1960களின் நடுவில் தொடங்கிய கூட்டாய்வில் இரு நகர நோயாளிகளையும் ஒரே கேள்விமுறையால் ஆராய்ந்தபோது வேறுபாடு பெரிதும் மறைந்தது. மாறியிருந்தவர்கள் நோயாளிகளல்லர், மருத்துவர்கள். நியூயார்க்கில் மனச்சிதைவு என்று எழுதப்பட்ட பலருக்கு இருந்தது மனநிலை நோய். 1972இல் இம்முடிவு நூலாக வந்தது. லித்தியத்தால் தேறியிருக்கக்கூடிய எத்தனையோ பேர் குணமாகாத நோயென்று சொல்லப்பட்டு வாழ்நாளைக் கழித்தார்கள். இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் பகுதி இது.

1973இல் கேப்ரியல் கார்ல்சனும் ஃபிரெடரிக் குட்வினும் பழைய மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டினர். இருமுனை நோய் என்பதில் ஐயமில்லாத இருபது பேருடைய எழுச்சி, நாளுக்கு நாள் எப்படி ஏறி இறங்கியது என்று பார்த்தார்கள். முதற்கட்டத்தில் மிகையான மகிழ்ச்சி, ஓயாத பேச்சு, தாறுமாறான செலவு. இரண்டாவதில் எண்ணங்கள் ஒன்றையொன்று முந்தி ஓடுகின்றன. கோபமும் பெருமித நம்பிக்கைகளும் வலுக்கின்றன. மூன்றாவதில் மகிழ்ச்சி மறைந்து திகில் கவிகிறது, பேச்சு கோவையற்றுப் போகிறது, சிலருக்குக் குரல் கேட்கிறது. அந்த ஒரு நாளில் பார்க்கும் எவரும் மனச்சிதைவு என்றே எழுதுவார்கள். ஏறிய படிகளிலேயே நோயாளி இறங்கி வருவதைப் பார்த்தவருக்குத்தான் உண்மை தெரியும். ஹாரிசன் போப்பும் ஜோசப் லிப்பின்ஸ்கியும் 1978இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, மனச்சிதைவுக்கே உரியவை எனக் கருதப்பட்ட அறிகுறிகள் இருமுனை நோயாளிகளில் 20 முதல் 50 விழுக்காட்டினரிடம் இருப்பதாகக் காட்டினர்.

1980இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பு இதை ஏற்றுக்கொண்டது. பிறழ்நம்பிக்கைகளை அது மனநிலையோடு ஒத்தவை, ஒவ்வாதவை என்று பிரித்தது. எழுச்சியில் ‘கடவுள் என்னைத் தேர்ந்தெடுத்தார்’ என்பதும், சோர்வில் ‘என் பாவத்தால் குடும்பமே அழிந்தது’ என்பதும் ஒத்தவை. யாரோ தன் மூளையில் எண்ணங்களைச் செருகுவதாக நம்புவது ஒவ்வாதது. ஆனால் அதுவும் இருமுனை நோயில் வரலாம் என்று கையேடு அனுமதித்தது. 2009இல் சுவீடனின் மாபெரும் குடும்ப ஆய்வு மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு ஆகிய இரு நோய்களுக்கும் மரபுக் காரணங்கள் ஓரளவு பொது என்று காட்டியபின், கிரெப்பலின் இட்ட எல்லைக்கோடே கேள்விக்குள்ளானது.

இன்று மருத்துவர் கேட்கும் முக்கியக் கேள்வி, குரல் என்ன சொல்லிற்று என்பதல்ல. எப்போது கேட்டது என்பதே. எழுச்சியோ சோர்வோ இருந்தபோது மட்டும் கேட்டு, மனநிலை சீரானதும் நின்றுவிட்டால் அது பிரமை அறிகுறிகளோடு கூடிய இருமுனைக் கோளாறு. மனநிலை மாற்றம் ஏதுமின்றி இரண்டு வாரமோ அதற்கு மேலோ நீடித்திருந்தால் நோய்க்கு வேறு பெயர் தேட வேண்டும். எப்போது கேட்டது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் நோயாளியிடம் கிடைப்பதில்லை. கூடவே இருந்து இரவுகளைக் கண்விழித்துக் கழித்த தாயோ மனைவியோ சொல்லக் கேட்டே மருத்துவர் எழுதிக்கொள்கிறார்.